ஏலத்தில் டிவிடி வாங்குகிறீர்களா? முதலில் அதன் முதுகைப் பாருங்கள்

அப்பாவுக்கு எழுபது வயது நிறைந்தபோது, அவர் இளவயதில் கொட்டகையில் பார்த்த ஒரு படத்தின் டிவிடியை இணைய ஏலத்தில் 38 சிங்கப்பூர் வெள்ளிக்கு எடுத்தேன். இப்போது கடைகளில் கிடைக்காத பதிப்பு, ஆங்கில வசனவரி உண்டு என்று விற்றவர் போட்டிருந்தார். பார்சல் வந்தது. அட்டை பளபளவென்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தோம். கடைசி அரை மணி நேரம் இருக்கும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிட்டது. "முடிவு எனக்குத் தெரியும், விடு" என்றார் அப்பா. டிஸ்க்கை வெளியே எடுத்துத் திருப்பினேன். அடிப்பக்கம் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது.

சிங்கப்பூரின் தேக்கா பக்கம் பல வருடம் வீடியோ கடை வைத்திருந்த ஒரு பெரியவரிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். அட்டையை அவர் தொடவே இல்லை. "அட்டையை எவன் வேண்டுமானாலும் அச்சடிப்பான் தம்பி. முதுகைத் திருப்பிப் பார்" என்றார். அன்றிலிருந்து நான் வாங்கும் ஒவ்வொரு டிஸ்க்கையும் அப்படித்தான் பார்க்கிறேன். பழைய தமிழ்ப் படங்களைத் தேடி ஏலத் தளங்களுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைப் போல் ஏமாறக் கூடாது என்பதற்காக, நான் செய்வதை அப்படியே வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: ஏலம் கேட்பதற்கு முன் விளம்பரத்தைப் படியுங்கள்

ஏலத்தில் ஒருமுறை விலை கேட்டுவிட்டால் பின்வாங்குவது கஷ்டம். அதனால் சந்தேகம் எல்லாவற்றையும் அதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் படங்களைப் பாருங்கள். இணையத்தில் எங்கும் கிடைக்கும் அட்டைப் படம் ஒன்றை மட்டும் போட்டிருந்தால், விற்பவர் கையில் எந்த டிஸ்க் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அந்தப் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். நான்கு வெவ்வேறு கணக்குகளில் அதே மேசை, அதே வெளிச்சம், அதே விரல் தெரிந்தால் விலகிவிடுங்கள். அச்சில் இல்லாத அரிய பதிப்பு என்று சொல்லிவிட்டு, 'இன்னும் 12 உள்ளன' என்று போட்டிருந்தாலும் விலகிவிடுங்கள். அரிய பொருள் ஒருவரிடம் பன்னிரண்டு இருக்காது.

விற்பவரின் மதிப்பெண் 98 சதவீதம் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மோசமான கருத்துகளை மட்டும் தனியாக எடுத்துப் படியுங்கள். 'வீட்டுக் கணினியில் எழுதிய டிஸ்க்', 'பாதியில் நிற்கிறது' என்று இரண்டு பேர் சொல்லியிருந்தால் எனக்கு அதுவே போதும். பல பேர் பார்சல் வந்த அன்றே நல்ல கருத்துப் போட்டுவிடுகிறார்கள். டிஸ்க்கைப் போட்டுப் பார்ப்பதோ மூன்று வாரம் கழித்து.

எந்த நாட்டு பிளேயரில் டிஸ்க் ஓடும் என்று சொல்லும் மண்டலக் குறியீட்டில் புதியவர்கள் நிறையக் குழம்புகிறார்கள். டிவிடியில் சிங்கப்பூர் மண்டலம் 3, இந்தியா மண்டலம் 5. ப்ளூ-ரேயில் சிங்கப்பூர் ஏ, இந்தியா சி. பெரிய ஹாலிவுட் நிறுவனத்தின் டிவிடி எல்லா மண்டலத்திலும் ஓடும் என்று விளம்பரம் சொன்னால் கவனம் தேவை. அந்த நிறுவனங்கள் பெரும்பாலும் டிவிடியை மண்டலம் பிரித்துத்தான் வெளியிட்டன. தமிழ் டிவிடிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வெளிநாட்டுத் தமிழர்களையும் மனதில் வைத்து வந்த அசல் தமிழ் டிவிடிகள் பலவும் எல்லா மண்டலத்திலும் ஓடுபவைதான்.

விலையும் அப்படித்தான். மலிவாக இருந்தால் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மோசர் பேயர் நிறுவனம் ஒரு காலத்தில் இந்தியாவில் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றது. திருட்டு விசிடிக்காரனோடு விலையிலேயே போட்டி போட்டார்கள். அந்த அசல் டிஸ்க் இன்று ஏலத்தில் 5 வெள்ளிக்குக் கிடைத்தால் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எனக்கு வந்த போலியின் விலை 38 வெள்ளி.

படி 2: விற்பவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்

தளத்தின் செய்திப் பெட்டி வழியாகவே கேளுங்கள். வாட்ஸ்அப்புக்கு வாருங்கள் என்று கூப்பிட்டால் போகாதீர்கள். பின்னால் பணத்தைத் திரும்பக் கேட்கும்போது அந்த எழுத்துதான் உங்களுக்குச் சாட்சி. விற்பவர் படிக்கும் மொழியில், மரியாதையாக, இவ்வளவு எழுதினால் போதும்:

'வணக்கம். இது தொழிற்சாலையில் அச்சு வார்த்த டிஸ்க்கா, கணினியில் எழுதிய டிஸ்க்கா? டிஸ்க்கின் அடிப்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா? நடு ஓட்டையைச் சுற்றி உள்ள எழுத்துகள் தெரிய இன்னொரு படமும் வேண்டும்.'

நேர்மையான விற்பனையாளர் ஒரு நாளைக்குள் படம் அனுப்பிவிடுவார். ஒருவர் எனக்கு அளவுகோலை வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். போலி விற்பவரோ 'சீல் பிரிக்காதது, திறக்க முடியாது' என்பார். அல்லது பதிலே வராது. சீல் பிரிக்காதது என்பதை நான் அசலுக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை. சுருக்கு பிளாஸ்டிக் போடும் இயந்திரம் யாரிடமும் இருக்கலாம். பதில் வராத இடத்தில் எவ்வளவு ஆசைப்பட்ட படமாக இருந்தாலும் நான் ஏலம் கேட்பதில்லை.

படி 3: பார்சல் வந்ததும், வெளிச்சத்தில் முதுகைப் பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் நிதானம் வேண்டும். பார்சலைப் பிரிப்பதைக் கைபேசியில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கை விளிம்பில் பிடித்து, சமையலறை டியூப் லைட்டுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பாருங்கள். கடையில் வாங்கிய, சந்தேகமே இல்லாத ஓர் அசல் டிஸ்க்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் கண் சீக்கிரம் பழகிவிடும்.

தொழிற்சாலை டிஸ்க்கில் படம் சிறு குழிகளாக அச்சில் வார்க்கப்பட்டு, மேலே உலோகப் பூச்சு ஏறும். அதனால் முதுகு வெள்ளி நிறம். வீட்டில் எழுதும் டிஸ்க்கில் குழிக்குப் பதில் சாயப் பூச்சு. அந்தச் சாயத்தை லேசர் சுட்டு எழுதுகிறது. அதனால்தான் ஊதாவோ நீலமோ தெரிகிறது. எழுதிய இடத்துக்கும் எழுதாத இடத்துக்கும் நடுவில் வட்டமாக ஒரு கோடும் பல சமயம் தெரியும், மரத்தை அறுத்தால் தெரியும் வளையம் மாதிரி. அசலில் லேசாகத் தங்க நிறம் தெரிந்தால் பயப்படாதீர்கள். இரண்டு அடுக்கு டிவிடியில் ஓர் அடுக்கு பாதி ஒளியை உள்ளே விட வேண்டும், அதன் பூச்சு அப்படித் தெரிகிறது. நானே ஆரம்பத்தில் ஒரு நல்ல டிஸ்க்கைப் போலி என்று நினைத்துத் திருப்பி அனுப்பப் பார்த்தேன்.

ஒரு விதிவிலக்கும் உண்டு. ஆர்டர் வந்த பிறகு எழுதிக் கொடுக்கும் அதிகாரபூர்வ வெளியீடுகள் ஊதாவாகவே இருக்கலாம். வார்னர் நிறுவனம் 2009-இல் தன் பழைய படங்களுக்கு இந்த முறையைத் தொடங்கியது. ஊதா நிறம் தெரிந்தால், அந்த வெளியீடு அப்படிப்பட்டதுதானா என்று முதலில் தேடிப் பார்த்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த பழைய தமிழ் வெளியீடு எதுவும் அப்படி வந்ததில்லை.

இப்போது நடு ஓட்டையைச் சுற்றியுள்ள வளையத்துக்கு வாருங்கள். கைபேசி டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, இன்னொரு கையால் டிஸ்க்கை மெதுவாகச் சுற்றுங்கள். ஐ, எஃப், பி, ஐ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைத் தேடுகிறோம். இது 1994-இல் பிலிப்ஸ் நிறுவனமும் ஒலிப்பதிவுத் துறையின் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்து கொண்டுவந்த அடையாளக் குறியீடு. ஓர் அசல் டிஸ்க்கில் பொதுவாக இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று கண்ணாடி போல மின்னும் வளையத்தில், எறும்புக் கால் அளவுக்குப் பொடி எழுத்தில். அந்த நான்கு எழுத்தை அடுத்து எல் என்ற எழுத்தில் தொடங்கும் எண் வரும். இது மூலத் தகட்டைச் செய்த இடத்தின் அடையாளம். இன்னொன்று அதற்கும் உள்ளே, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பகுதியில், வார்ப்பிலேயே பதிந்திருக்கும். எந்த அச்சில் இந்த டிஸ்க் வார்க்கப்பட்டது என்று அது சொல்லும். விரல் நகத்தால் தடவினால் சில டிஸ்க்கில் லேசாகத் தட்டுப்படும்.

சிங்கப்பூரில் 2004-ஆம் ஆண்டு இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. டிஸ்க் தயாரிக்கும் தொழிற்சாலை உரிமம் பெற வேண்டும், தான் செய்யும் டிஸ்க்கில் தன் குறியீட்டைப் பதிக்க வேண்டும் என்றது அது. அந்தப் பொடி எழுத்துக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

குறியீடு இல்லை என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் குறியீடு இருந்த இடத்தைச் சுரண்டி அழித்திருந்தால் நான் வேறு எதையும் பார்ப்பதில்லை. திருட்டுத்தனமாக டிஸ்க் வார்க்கும் தொழிற்சாலைகளும் உண்டு. அவை தரும் போலி ஊதாவாக இருக்காது, அசல் போலவே வெள்ளியாக மின்னும். அங்கே காட்டிக்கொடுப்பது இந்தச் சுரண்டல் தழும்புதான்.

படி 4: அட்டை

இதற்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். பொடி எழுத்துகள் கலங்கியிருந்தால் அட்டையை ஸ்கேன் செய்து அச்சடித்திருக்கிறார்கள். மலேசியாவில் அசல் டிஸ்க்கின் உறையில் அரசு ஹோலோகிராம் ஒட்ட வேண்டும் என்ற விதி 2003-இல் வந்தது. ஜோகூரிலிருந்து வந்தது என்று சொல்லப்படும் டிஸ்க்கில் அதைத் தேடுங்கள். சிங்கப்பூர்ப் பதிப்பு என்றால் தணிக்கைத் தர முத்திரையைப் பாருங்கள். பிஜி13 என்ற தரம் இங்கே 2011-இல்தான் வந்தது. 2008-இல் வாங்கிய முதல் பதிப்பு என்று சொல்லி விற்ற ஒரு டிஸ்க்கில் அந்த முத்திரை இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

படி 5: கணினியில் போட்டு அளவைப் பாருங்கள்

ஓர் அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி, இரண்டு அடுக்கில் 8.5 ஜிபி கொள்ளும். விண்டோஸ் இதையே 4.37, 7.95 என்று காட்டும், குழம்ப வேண்டாம். மூன்று மணி நேரப் படம், இரண்டு அடுக்கு என்று அட்டை சொல்கிறது, கணினியோ 4.3 தான் காட்டுகிறது என்றால், அசலைப் பிழிந்து சின்ன டிஸ்க்கில் அடைத்திருக்கிறார்கள். பாடல் காட்சியில் கூட்டமாக ஆடும்போது முகங்கள் கட்டமாகத் தெரிவது இதனால்தான்.

இம்க்பர்ன் என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் வகையைப் பார்க்கலாம். டிவிடி-ஆர் என்றோ, வெற்று டிஸ்க் செய்யும் நிறுவனத்தின் குறியீடோ தெரிந்தால் அது எழுதிய டிஸ்க். தொழிற்சாலை டிஸ்க்கின் வகையான டிவிடி-ரோம் என்று காட்டினால் உடனே நம்பிவிடாதீர்கள். டிவிடி பிளஸ் ஆர் என்ற இன்னொரு வகை வெற்று டிஸ்க்கை எழுதும்போதே அப்படிக் காட்டும்படி மாற்றிவிட முடியும். கணினி சொல்வதும் கண் பார்ப்பதும் முரண்பட்டால் நான் முதுகின் நிறத்தைத்தான் நம்புவேன்.

அப்புறம் படத்தை ஓட்டுங்கள். முதல் பத்து நிமிடம் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். டிஸ்க் உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது, மட்டமான டிஸ்க் பெரும்பாலும் வெளி விளிம்பில்தான் சொதப்பும். கடைசி அரை மணி நேரத்தை முழுதாகப் பாருங்கள். திரையின் மூலையில் தொலைக்காட்சிச் சின்னம் தெரிகிறதா, சின்னம் இருந்த இடம் கலங்கலாக இருக்கிறதா, பாட்டுகள் முழுதாக இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.

படி 6: போலி என்று தெரிந்தால்

கோபத்தில் எழுதாதீர்கள். முதுகின் படம், வளையத்தின் படம், கணினித் திரையின் படம், விற்பவர் அசல் என்று எழுதிக் கொடுத்த செய்தி, இந்த நான்கையும் சேர்த்துத் தளத்தில் 'விவரித்தபடி இல்லை' என்று புகார் கொடுங்கள். ஈபேயில் பொருள் வந்த 30 நாளுக்குள் கேட்க வேண்டும். பேபாலில் பணம் கட்டியிருந்தால் 180 நாள் வரை புகார் எழுப்பலாம். நண்பர்களுக்கும் குடும்பத்துக்கும் அனுப்பும் முறையில் கட்டியிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. விற்பவர் அப்படி அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

விற்றவர் சிங்கப்பூரில் இருந்து, தளமும் கைவிட்டால், சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. இணையத்திலேயே பதியலாம். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டணம் 10 வெள்ளி. 15 வெள்ளி டிஸ்க்குக்கு யாரும் போக மாட்டார்கள், ஆனால் 200 வெள்ளி கொடுத்து வாங்கிய பெட்டித் தொகுப்பு முழுவதும் போலி என்றால் போகலாம்.

போட்ட காசை எடுக்கலாம் என்று அந்தப் போலியை மறுபடி விற்கப் போடாதீர்கள். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே விற்பது இங்கே குற்றம். என்ன செய்வது என்று தளம் சொல்லும்வரை பத்திரமாக எடுத்து வையுங்கள்.

எனக்கு அந்த 38 வெள்ளி பதினாறு நாளில் திரும்பி வந்தது. நான்கு மாதம் கழித்து அதே படம் வேறொருவரிடம் ஏலத்துக்கு வந்தது. முதுகின் படம் கேட்டேன், அனுப்பினார், 21 வெள்ளிக்கு முடிந்தது. டிஸ்க் வந்த அன்று வளையத்தில் இருந்த இரண்டு குறியீட்டையும் ஒரு சின்னத் தாளில் எழுதி உறைக்குள் வைத்தேன். பிறகு அப்பாவைக் கூப்பிட்டு, கடைசி அரை மணி நேரத்தை முதலில் போட்டுக் காட்டினேன்.