கண் முந்தும் நாய்: வேட்டைக் கலப்பு நாயை வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்துக் கொல்லைகளில் கூர்முகமும் ஒட்டிய வயிறும் நீண்ட கால்களும் கொண்ட நாய்களைக் காணலாம். தென் மாவட்டத்து வேட்டை நாய் இனங்களான சிப்பிப்பாறையும் கன்னியும் உள்ளூர் நாட்டு நாய்களோடு சேர்ந்து ஈன்ற கலப்புகள் அவை. என் வீட்டிலும் செவலி என்று ஒருத்தி ஆறு ஆண்டுகளாக இருக்கிறாள். மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லைக்குக் காவலும் அவள்தான், இரவில் திண்ணையில் துணையும் அவள்தான். இத்தகைய நாயைப் புதிதாக வாங்கியவர்கள் என்னிடம் சொல்லும் குறைகளைக் கேட்கும்போது, அவற்றுள் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன என்று தோன்றுகிறது. மூக்கையும் காதையும் நம்பி வாழும் மற்ற நாய்களைப் போல இதையும் நடத்துகிறார்கள்; இதுவோ கண்ணால் கண்டு, ஓடிப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட வம்சம்.

நீண்ட முகமுள்ள நாய்களின் விழித்திரையில் நரம்பணுக்கள் கிடைமட்டமாக ஒரு பட்டையாகச் செறிந்திருக்கின்றன. வரப்புக்கு அப்பால் நாம் ஒன்றுமே காணாத இடத்தில் ஒரு கீரிப்பிள்ளை அசைந்தாலும் அதன் கண் அங்கே போய் நிலைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கண் நிலைத்த பிறகு காது வேலை செய்யாது. ஆகவே, ஓடத் தொடங்கிய நாயைப் பெயர் சொல்லிக் கத்திக் கூப்பிடுவதுதான் முதல் தவறு. அந்த நேரத்தில் கூப்பிடக் கூப்பிட, தன் பெயருக்குப் பொருளில்லை என்பதைத்தான் அது கற்றுக்கொள்கிறது. செவலியிடம் நான் பார்த்தவரை, பாய்வதற்கு முன் இரண்டு மூன்று நொடிகள் நமக்குக் கிடைக்கின்றன. இளைத்துக்கொண்டிருந்த வாய் மூடிக்கொள்ளும், காதுகள் விறைக்கும், ஒரு முன்னங்கால் மடிந்து அந்தரத்தில் நிற்கும், வால் அசையாது. அதற்குள் சாதாரணக் குரலில் ‘வா’ என்று சொன்னால் திரும்புகிறாள், திரும்பியதும் வேகவைத்த ஈரல் துண்டு ஒன்று கிடைக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். இந்தப் பழக்கத்தை வீட்டுக்குள் தொடங்கி, பிறகு முற்றத்தில், பிறகு பத்து மீட்டர் கயிற்றில் கட்டிக் கொல்லையில் என்று மாதக்கணக்கில் படிப்படியாக ஏற்ற வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, துரத்திவிட்டுத் திரும்பி வந்த நாயை அடிப்பது. முதல் ஆண்டில் பக்கத்துக் கொல்லை ஆட்டுக்குட்டியைச் செவலி விரட்டிவிட்டு வந்தபோது, அந்த வீட்டாரின் முன் வெட்கப்பட்டு நான் அவளை அடித்துவிட்டேன். அடுத்த முறை எதையோ துரத்திப் போனவள் இருட்டும் வரை வீட்டுப் பக்கமே வரவில்லை; வேலியோரமாக நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரும்பி வந்ததற்குத்தான் அடி விழுந்தது என்று அவள் புரிந்துகொண்டிருந்தாள். அந்தப் பயத்தைத் தெளிய வைக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. ஆடு, கோழி, பூனை ஆகியவற்றோடு குட்டிப் பருவத்திலேயே கயிற்றில் கட்டி அமைதியாகப் பழக்கினால் வீட்டு உயிர்களை விட்டுவைக்கும் நாய்கள் உண்டு. ஆயினும் ஓடும் கோழிக்கும் அந்த நாய்க்கும் நடுவே ஆளில்லாமல் விடுவதை நான் எக்காலத்திலும் பரிந்துரைக்க மாட்டேன்.

இவ்வகை நாயின் தலை குறுகலானது; கழுத்து ஏறத்தாழ அதே பருமன் கொண்டது. சாதாரணக் கழுத்துப்பட்டையை, அது பின்னோக்கி ஓரடி வைத்தாலே உருவிக்கொண்டு போய்விடும். நெடுஞ்சாலையோரத்தில் அப்படி உருவிக்கொண்டால் என்ன நேரும் என்று சொல்லத் தேவையில்லை. இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகும் அகலமான பட்டையோ, மார்போடு சேர்த்துக் கட்டும் வாரோ வாங்குங்கள்.

நம் வட ஆர்க்காட்டு நிலத்துக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. கைப்பிடிச் சுவர் இல்லாத பாசனக் கிணறுகள் இங்கு ஏராளம். கண்ணை இரையின் மேல் வைத்து முழு வேகத்தில் ஓடும் நாய் தரையைப் பார்ப்பதில்லை. புதிய நிலத்தில் அவிழ்த்துவிடுவதற்கு முன் அதைக் கயிற்றில் பிடித்தபடி எல்லையைச் சுற்றி நடந்து, கிணறு எங்கே, முள்கம்பி எங்கே, வேலிகாத்தான் புதர் எங்கே என்று நீங்கள் முதலில் அறிந்துகொள்ளுங்கள். இவற்றின் தோல் மிக மெல்லியது, அடியில் கொழுப்பும் இல்லை. நாட்டு நாய்க்கு வெறும் கீறலாகப் போகும் கம்பி, இதற்குக் கையளவு கிழிசலாகிவிடும்.

சுறுசுறுப்பான நாய் என்பதால் நாள் முழுவதும் ஓடவிட வேண்டும் என்று எண்ணுவது பரவலான தவறு. இரு சக்கர வண்டியில் கட்டித் தார்ச்சாலையில் கிலோமீட்டர் கணக்கில் ஓட்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன், மனம் பதைக்கிறது. இதன் உடல் குறுகிய, மிக வேகமான ஓட்டத்துக்கு அமைந்தது; ஒவ்வொரு பாய்ச்சலிலும் நான்கு கால்களும் இருமுறை தரையை விட்டு எழும்புகின்றன. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என வேலியிட்ட இடத்தில் சில நிமிட ஓட்டமும், நிதானமான நடையும் போதும். மீதி நேரத்தில் பெரும்பகுதி அது உறங்கும். அதைச் சோம்பலாகவோ நோயாகவோ கருத வேண்டாம். எலும்பு முதிராத முதல் ஓராண்டில் கடும் ஓட்டமும் உயரத் தாண்டலும் கூடாது. சிமெண்டுத் தரையில் படுக்கவிட்டால் முழங்கை காய்த்துப் புண்ணாகும். நான்காக மடித்த சாக்கு ஒன்று போடுங்கள். உண்ட கையோடு ஓடவிடுவதும், ஓடி வந்ததும் வயிறு முட்டச் சோறு வைப்பதும் ஆபத்து. ஆழமான மார்புள்ள நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் நோய் வரக்கூடும். சில மணி நேரத்தில் உயிரையே கொண்டுபோகும். இதனாலேயே நாளுக்கு ஒரு முறை பெருஞ்சோறாக வைக்காமல் இரண்டாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது.

வேலூர் வெயிலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கத்திரி நாட்களில் இங்கு 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். ஓடும் ஆசை வெப்பத்தை மறக்கச் செய்யும் நாய் இது. நாம்தான் நிறுத்த வேண்டும். ஏப்ரல் முதல் சூரியன் ஏறுவதற்கு முன்பும் தரை ஆறிய பின்பும் மட்டுமே ஓட்டம். புறங்கையைச் சாலையில் வைத்து ஏழு நொடி பொறுக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் பொறுக்காது. விடாத இளைப்பு, கெட்டியான எச்சில், தள்ளாட்டம் ஆகியவை தென்பட்டால் உடனே நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். ஈரத்துணியைப் போர்த்தி அப்படியே விட்டுவிடுவது தவறு. துணி சூடேறி வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும்.

காவல் வேலையிலும் அளவு தெரிய வேண்டும். குரைத்து எழுப்புவதும், குரங்கையும் மாட்டையும் கொல்லையை விட்டு வெளியேற்றுவதும் இதற்கு ஏற்ற வேலைகள். காட்டுப்பன்றியின் மேல் ஏவுவது கொலைக்குச் சமம். தந்தத்தின் ஒரு வீச்சில் அந்த மெல்லிய வயிறு கிழிந்துவிடும். சவ்வாது மலையடிவாரம் போன்ற காட்டோர நிலங்களில் இரவில் தனியே அலைய விடாதீர்கள். பன்றிக்காக வைக்கப்படும் அவுட்டுக்காய் என்னும் வெடியைக் கடித்துத் தாடை சிதறிய நாய்களும், திருட்டு மின்வேலியில் மாண்ட நாய்களும் உண்டு. முயல் பிடிக்க நாயை விடுவது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். மயில் அதே சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ‘நாய் தானாகப் பிடித்தது’ என்று சொல்லித் தப்பிக்க நினைக்க வேண்டாம்.

விலா எலும்பு இரண்டு மூன்று தெரிவது இவ்வினத்துக்கு இயல்பு. அதை மறைக்க வேண்டும் என்று சோற்றை அள்ளி வைப்பவர்கள் மூட்டுகளைத்தான் கெடுக்கிறார்கள். கேழ்வரகுக் கூழும் மோர்ச்சோறும் மட்டும் போதாது. முட்டையோ இறைச்சியோ மீனோ அன்றாடம் வேண்டும். வெந்த கோழி எலும்பு வேண்டாம், அது சில்லாக உடைந்து குடலைக் குத்தும். உண்ணி வாரம் ஒருமுறை பார்க்கப்பட வேண்டியது, குறிப்பாகக் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும். உண்ணியால் வரும் காய்ச்சலில் ஈறு வெளுக்கும், மூக்கில் இரத்தம் கசியலாம், தீனி பிடிக்காது. அப்போது வீட்டிலிருக்கும் மனிதருக்கான வலி மாத்திரையைக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் காத்திருப்பவர்கள் நாயை இழக்கிறார்கள்.

கருத்தடைக்கோ தையலுக்கோ கொண்டு போகும்போது, இது வேட்டை நாய்க் கலப்பு என்பதை மயக்க மருந்து போடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். உடலில் கொழுப்பு குறைவாக இருப்பதாலும், ஈரல் சில மருந்துகளை மெதுவாகவே சிதைப்பதாலும், தயோபென்டோன் போன்றவை கொடுத்தால் இவை நெடுநேரம் விழித்தெழாமல் கிடக்கும். வேறு மருந்தை மருத்துவர் தேர்ந்தெடுப்பார். செவலிக்குக் கருத்தடை செய்த அன்று நான் இதைச் சொன்னபோது, மருத்துவர் எடுத்து வைத்திருந்த ஊசிமருந்தை மாற்றிவிட்டு வேறொன்றைப் போட்டார். மாலை விளக்கு ஏற்றும் நேரத்தில் அவள் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள்.