முட்டிக்கு மேல் தொடை எலும்பு முறிவு: நெயில் இறங்கும் முன்பே எலும்பு நேராக வேண்டும்

ஓசூர் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்த இளைஞருக்கும், அல்சூரில் வீட்டு பாத்ரூமில் வழுக்கிய பாட்டிக்கும் முறிவு முட்டிக்கு மேல் ஒரே இடத்தில் இருக்கலாம். இருவருக்கும் கீழிருந்து, அதாவது முட்டி வழியாக, நெயில் (எலும்புக் குழிக்குள் இறங்கும் உலோகக் கம்பி) போடலாம். பெங்களூரு ஆபரேஷன் தியேட்டர்களில் நிற்கும் தமிழ் பி.ஜி.க்களும் (மேற்படிப்பு டாக்டர்களும்) டெக்னீஷியன்களும் முதலில் மனதில் வாங்க வேண்டியது ஒன்று உண்டு. தொடையின் நடுவில் முறிந்தால், நெயில் இறங்கும்போதே எலும்பு பெரும்பாலும் நேராகிவிடும். முட்டியருகே அப்படி நடக்காது. அங்கே மஜ்ஜைக் குழி புனல் போல விரிந்துவிடுவதால் எலும்பு நெயிலைப் பிடிக்காது. கோணலாக நிற்கும் எலும்பைக் கோணலாகவே நெயில் பூட்டிவிடும்.

முதலில் பாதத்தின் நாடியைப் பாருங்கள். முட்டிக்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாய் முறிவை ஒட்டியே போகிறது. கணுக்கால், கை ரத்த அழுத்த விகிதம் 0.9-க்குக் கீழே இருந்தால் சி.டி. ஆஞ்சியோ (ரத்தக்குழாய் ஸ்கேன்) எடுக்காமல் மேலே போகக்கூடாது. முறிவு மூட்டுக்குள் போயிருக்கிறது என்ற சந்தேகம் வந்தாலே சாதா சி.டி.யும் வேண்டும். முட்டிக்குமிழ் (தொடை எலும்பின் உருண்ட கீழ்முனை) முன்பின்னாகப் பிளந்த ஹாஃபா முறிவை எக்ஸ்ரே எளிதில் மறைத்துவிடும். பாட்டிக்கு முட்டி மாற்று ஏற்கெனவே நடந்திருந்தால் பழைய ஆபரேஷன் குறிப்பைத் தேடி வாங்குங்கள். உலோக மூட்டின் நடுப்பெட்டி மூடிய வகையாக இருந்தால் நெயில் நுழைய வழியே இல்லை. கீழ்த்துண்டில் குறைந்தது 2 ஸ்க்ரூ பிடிக்க இடமில்லை என்றாலும் பிளேட் (எலும்பின் மேல் வைக்கும் தகடு) பக்கம் போவதே நல்லது.

மறு காலின் இடுப்புப் படத்தை டிரேப் (கிருமி நீக்கிய துணி) போடும் முன்பே சி-ஆர்மில் (தியேட்டர் எக்ஸ்ரே கருவியில்) எடுத்துச் சேமித்து வையுங்கள். சிறு ட்ரொகாண்டரின் (இடுப்பருகே தொடை எலும்பின் உட்புறப் புடைப்பு) வடிவம் கடைசியில் சுழற்சியைச் சரிபார்க்க உதவும். அவசரத்தில் பலரும் விடும் படி இதுதான்.

எக்ஸ்ரே ஊடுருவும் மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்து, முட்டியை 30 முதல் 45 டிகிரி வரை மடக்குங்கள். அதைவிட நீட்டினால் கீழ்க்கால் எலும்பு வழியை மறைக்கும், அதிகம் மடக்கினால் முட்டிச்சில்லு இடிக்கும். இந்த மடக்கலுக்கு இன்னொரு பயனும் உண்டு. கெண்டைத்தசை கீழ்த்துண்டைப் பின்பக்கம் இழுத்துச் சாய்க்கிறது, மடக்கினால் அந்த இழுப்பு தளரும். போதாவிட்டால் முறிவுக்கு அடியில் துணிச்சுருள் வையுங்கள்.

மூட்டுக்குள் பிளவு இருந்தால் முதலில் அதை இறுக்கி ஸ்க்ரூ போட வேண்டும். ஸ்க்ரூக்கள் முன்னும் பின்னுமாகப் போகட்டும், நடுவில் நெயில் போகும் வழியை விட்டுவிடுங்கள்.

நுழைவிடத்தில் அவசரம் கூடாது. முன்பக்கப் படத்தில் முட்டிக்குமிழ்களின் இடைப்பள்ளத்தின் நடுவில், தண்டின் அச்சுக்கு நேராக இருக்க வேண்டும். பக்கவாட்டுப் படத்தில் ப்ளூமென்சாட் கோட்டின் (இடைப்பள்ளத்தின் கூரையைக் காட்டும் கோடு) முன்நுனி. பின்னால் நழுவினால் பி.சி.எல். (முட்டிக்குள் இருக்கும் பின் குறுக்குத் தசைநார்) வேர் சேதமாகும், முன்னால் போனால் சில்லு உரசும் குருத்தெலும்பு போய்விடும். பக்கவாட்டில் தவறினால் முட்டி கோணிவிடும். கைடு வயரை (வழிகாட்டும் கம்பியை) இரண்டு படத்திலும் பார்த்த பிறகே திறப்பு ரீமர் (எலும்பைக் குடையும் கருவி). பாதுகாப்புக் குழலை எடுக்கவே கூடாது.

இனி நேராக்கும் வேலை. கையால் நிற்கவில்லை என்றால் போலர் ஸ்க்ரூ (நெயில் வழி மாறாமல் தடுக்கும் ஸ்க்ரூ) போடுங்கள். கோணல் எந்தப் பக்கம் குழிந்திருக்கிறதோ அந்தப் பக்கம், கீழ்த்துண்டில், நெயில் வழியை ஒட்டி அது உட்கார வேண்டும். கீழ்த்துண்டு வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் (வால்கஸ்) குழிவு வெளிப்பக்கம். அங்கே முன்னிருந்து பின்னாகப் போடப்பட்ட ஸ்க்ரூ நெயிலைத் தடுத்து, சாய்வை விடாமல் பிடிக்கும். தண்டின் குழிக்குள் ரீமர் ஓடும் முன்பே இதை முடியுங்கள், கோணலான பாதையில் ரீமர் ஓடிவிட்டால் பிறகு நெயில் அதையே பின்தொடரும். ரீமர் அளவு நெயிலைவிட 1 முதல் 1.5 மி.மீ. கூடுதல் போதும்.

நெயிலின் மேல்நுனி சிறு ட்ரொகாண்டர் வரை எட்டட்டும். கீழ்நுனி குருத்தெலும்புக்கு உள்ளே புதைந்திருக்க வேண்டும், பக்கவாட்டுப் படத்தில் ப்ளூமென்சாட் கோட்டைத் தாண்டி அது வெளியே தெரியக்கூடாது. துருத்தினால் மடக்கும்போதெல்லாம் சில்லை அரைக்கும். கீழ் ஸ்க்ரூக்களை ஜிக் (துளைக்கு இடம் காட்டும் சட்டம்) வழியாக, வெவ்வேறு தளங்களில் போடுங்கள். பிறகு நீளமும் சுழற்சியும் சரியா என்று பார்த்து, மேல் ஸ்க்ரூவை முன்னிருந்து பின்னாகப் பூட்டலாம். முட்டியருகே தொடை எலும்பின் உட்சுவர் சரிவானது. நேர்ப்படத்தில் அளவாகத் தெரியும் கீழ் ஸ்க்ரூ உண்மையில் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கலாம், அதனால் காலை 25 முதல் 30 டிகிரி உள்ளே திருப்பி ஒரு படம் கட்டாயம் எடுங்கள்.

மூடும் முன் மூட்டை நிறைய சலைன் விட்டுக் கழுவுங்கள். ரீமர் தூள் உள்ளே தங்கினால் முட்டி விறைக்கும்.

மறுநாளே முட்டியை மடக்கிப் பழக்குங்கள். மூட்டுக்குள் போகாத, உறுதியாக நின்ற முறிவு என்றால் பாட்டியை வாக்கரில் எடை வைத்து நடக்கவிடலாம், படுக்கையில் கிடப்பது அவருக்கு முறிவைவிட ஆபத்து. மூட்டுக்குள் பிளந்த முறிவுக்கு எடையைப் பொதுவாக 6 முதல் 12 வாரம் தள்ளிப்போட வேண்டும். வீட்டாருக்குத் தமிழிலேயே சொல்லி அனுப்புங்கள்: கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காயத்தில் நீர் வடிந்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திராமல் அன்றே வர வேண்டும். முட்டியின் உள்பக்கம் ஸ்க்ரூ நுனி குத்தினாலும் சொல்லட்டும், எலும்பு கூடிய பிறகு அதை மட்டும் எடுத்துவிடலாம்.