சின்ன போர்டில் ஆர்டிஓஎஸ்: எங்கே சறுக்குகிறது?

ஆர்டுயினோ ஊனோவில் இரண்டு எல்இடிகளை வெவ்வேறு வேகத்தில் சிமிட்டவைக்க ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற ஆர்டிஓஎஸ் (பல வேலைகளை மாற்றி மாற்றி ஓடவைக்கும் நிகழ்நேர இயங்குதளம்) தேவையே இல்லை. மில்லிஸ் ஃபங்ஷனை வைத்து நேரத்தைக் கணக்கிட்டாலே வேலை முடிந்துவிடும். ஆனாலும் பலரும் ஃப்ரீஆர்டிஓஎஸில்தான் தொடங்குகிறார்கள். அது சிக்கலின்றி ஓடிவிடுவதுதான் வம்பு. இவ்வளவுதானா என்று மூன்றாவது, நான்காவது டாஸ்க்கை (தனியாக ஓடும் வேலையை) சேர்த்ததும் போர்டு தானாகவே ரீசெட் ஆகத் தொடங்கும்.

பெரும்பாலும் காரணம் ஸ்டேக்தான், அதாவது டாஸ்க் தன் தற்காலிகத் தரவுகளை வைத்துக்கொள்ளும் நினைவகப் பகுதி. ஊனோவில் உள்ள ஏடிமெகா328பி சிப்பில் ராம் மொத்தமே 2,048 பைட். அதற்குள் ஒவ்வொரு டாஸ்க்குக்கும் தனி ஸ்டேக் ஒதுக்க வேண்டும். மாதிரி நிரல்களில் 128 என்று போட்டிருப்பார்கள். யோசிக்காமல் அதையே எல்லா டாஸ்க்குக்கும் போட்டுவிடுகிறோம். அந்த 128 பைட்டில் எவ்வளவு நம் கைக்கு வருகிறது என்று பாருங்கள். ஒரு டாஸ்க்கை நிறுத்தி இன்னொன்றுக்கு மாறும்போது ஆளுக்கு ஒரு பைட்டாக 32 ரெஜிஸ்டர்கள் (சிப் கணக்குப் போடும் சிறு இடங்கள்), ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டருக்கு ஒரு பைட், திரும்பிவர வேண்டிய முகவரிக்கு இரண்டு பைட் என்று 35 பைட் அங்கேதான் சேமிக்கப்படும். செய்தி ஒன்றைக் கோத்து அனுப்ப 64 பைட்டில் ஓர் அரே அறிவித்தால் மிச்சம் 29. அந்த நிலையில் செய்தியைக் கோக்கும் எஸ்பிரிண்ட்எஃப் ஃபங்ஷனை அழைத்தால் ஸ்டேக் தன் எல்லையைத் தாண்டி அடுத்த நினைவகத்தின் மேல் எழுதிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. அடிபடுவது ஒன்றும் அறியாத வேறொரு டாஸ்க். நம் சந்தேகமும் அதன் மேல்தான் விழும். நாள் முழுக்கத் தவறில்லாத நிரலில் தவறு தேடிக்கொண்டிருப்போம்.

ஸ்டேக்கை ஊகித்து ஒதுக்காமல் அளந்து ஒதுக்குங்கள். ஹை வாட்டர் மார்க் என்ற ஃபங்ஷன், ஒரு டாஸ்க்கின் ஸ்டேக்கில் இதுவரை மிஞ்சிய மிகக் குறைந்த இடம் எவ்வளவு என்று சொல்லும். முதலில் தாராளமாகக் கொடுத்து, எல்லா வேலைகளையும் செய்யவைத்து, பிறகு குறையுங்கள். அலகிலும் ஒரு பொறி இருக்கிறது. 32 பிட் ப்ளூ பில் போர்டில் 512 என்று எழுதினால் கிடைப்பது 2,048 பைட். அங்கே கணக்கு நான்கு பைட் கொண்ட வேர்டில். ஈஎஸ்பி32இல் அதே 512 வெறும் 512 பைட்தான். ஒரு போர்டுக்கு எழுதிய நிரலை இன்னொன்றுக்கு நகர்த்தும்போது முதலில் பார்க்க வேண்டியது இது.

அடுத்தது நேரம். ஊனோவுக்கான ஃப்ரீஆர்டிஓஎஸ் நூலகம் டிக்கை (நேரத்தை எண்ணும் துடிப்பை) வாட்ச்டாக் டைமரிலிருந்து (நிரல் உறைந்துபோனால் கண்டுபிடிக்கும் காவல் கடிகாரத்திலிருந்து) எடுக்கிறது; இயல்பாக ஒரு டிக் சுமார் 15 மில்லி விநாடி. 10 மில்லி விநாடி காத்திரு என்று எழுதி, அதை டிக் நீளத்தால் வகுத்தால் முழு எண் கணக்கில் விடை 0. டாஸ்க் காத்திருக்கவே செய்யாது. அதைவிட முன்னுரிமை குறைந்த டாஸ்க்குகள் பட்டினி கிடக்கும். ஈஎஸ்பி32இலும் இந்தப் பட்டினி உண்டு. ஓய்வே இல்லாமல் சுற்றும் டாஸ்க் ஒன்று, வேறு வேலை இல்லாதபோது ஓடும் ஐடில் டாஸ்க்கை ஓடவிடாமல் தடுத்தால், சில விநாடிகளில் வாட்ச்டாக் குரல் கொடுக்கும். உடனே வாட்ச்டாக்கை அணைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். சீரான இடைவெளியில் சென்சாரைப் படிக்க வேண்டுமென்றால் சாதாரண டிலே போதாது; படிக்க ஆகும் நேரமும் ஒவ்வொரு சுற்றிலும் கூடிக்கொண்டே போகும். அதற்கு, குறித்த நேரம் வரும்வரை காத்திருக்கும் டிலே அன்டில் இருக்கிறது.

இரண்டு டாஸ்க்குகள் ஒரே மாறியைத் தொட்டால் அதை வோலடைல் (ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படி) என்று அறிவித்தால் போதும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. ஊனோ எட்டு பிட் சிப். 16 பிட் எண்ணை இரண்டு தவணையாகத்தான் படிக்கும். நடுவில் டாஸ்க் மாறினால் பாதி பழையது, பாதி புதியது. ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க்கை மட்டும் மாறியைத் தொடவிடும் பூட்டான மியூடெக்ஸைப் போடுங்கள். அதற்குப் பதில், டாஸ்க்குகளுக்குள் சைகை சொல்ல உதவும் பைனரி செமாஃபோரைப் பூட்டாகப் போட்டால், முன்னுரிமை குறைந்த டாஸ்க் பூட்டைப் பிடித்திருக்கும்போது நடுத்தர டாஸ்க் ஒன்று குறுக்கே புகுந்து, எல்லாவற்றுக்கும் மேலான டாஸ்க்கைக் காக்கவைத்துவிடும். 1997இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனதும் இதனால்தான். அதில் ஓடிய விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற ஆர்டிஓஎஸின் மியூடெக்ஸில், பூட்டைப் பிடித்திருக்கும் டாஸ்க்குக்குக் காத்திருக்கும் டாஸ்க்கின் முன்னுரிமையைக் கடன் கொடுக்கும் வசதி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பூமியிலிருந்தே அதை இயக்கிச் சரிசெய்தார்கள். ஃப்ரீஆர்டிஓஎஸின் மியூடெக்ஸில் அந்த வசதி கூடவே வருகிறது, செமாஃபோரில் கிடையாது.

இன்டரப்டுக்குள் (வன்பொருள் நிகழ்வு ஒன்று ஓடும் வேலையை இடைமறித்து ஓடவைக்கும் நிரலுக்குள்) மியூடெக்ஸைத் தொடாதீர்கள், சீரியலில் அச்சிடாதீர்கள். டாஸ்க்குக்குத் தகவல் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அதற்கும் ஃப்ரம்ஐஎஸ்ஆர் என்று முடியும் ஃபங்ஷன்களை மட்டுமே அழைக்கலாம். ப்ளூ பில்லின் கார்டெக்ஸ் எம்3 ப்ராசஸரில் இன்டரப்ட் முன்னுரிமை எண் தலைகீழ்: 0தான் உச்சம், டாஸ்க்குகளிலோ 0 கடைசி. நீங்கள் எதுவும் அமைக்காவிட்டால் இன்டரப்ட் 0இல்தான் இருக்கும். அந்த உயரத்திலிருந்து ஃப்ரம்ஐஎஸ்ஆர் ஃபங்ஷன்களைக்கூட அழைக்கக் கூடாது. மேக்ஸ் சிஸ்கால் இன்டரப்ட் ப்ரையாரிட்டி என்ற அமைப்பில் உள்ள எண்ணுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ அதை மாற்றிக்கொள்ளுங்கள்.