கனடாவில் எந்த ஊர்? குளிரையும் வீட்டு விலையையும் ஒரே கணக்கில் பார்க்கும் வழி

கனடா பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வந்துவிட்டது, எந்த ஊருக்குப் போவது என்று கேட்பவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். சித்தப்பா ஸ்கார்பரோவில் இருக்கிறார், அதனால் டொராண்டோ. கூடப் படித்தவன் கால்கரியில் வீடு வாங்கிவிட்டான், அதனால் கால்கரி. தெரிந்தவர் இருக்கும் ஊருக்குப் போவதில் தப்பே இல்லை, முதல் மாதம் தங்க இடம் கிடைக்கும், அரிசி எங்கே வாங்குவது என்று தேட வேண்டாம். ஆனால் ஐந்து வருடம் கழித்தும் அங்கேயே இருப்போமா, வீடு வாங்கலாமா என்பதற்கு அது மட்டும் போதாது. அந்த ஊரின் குளிர்காலம் உங்களை என்ன செய்யும், அந்த ஊரில் ஒரு வீடு மாதாமாதம் உங்களிடம் எவ்வளவு கேட்கும் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் கணக்கு தப்பும், ஏனென்றால் கனடாவில் குளிரே ஒரு வீட்டுச் செலவு.

வேலைதான் முதலில் என்பது உங்களுக்கே தெரியும். ஒன்று மட்டும்: நர்ஸ், இன்ஜினியர், ஆசிரியர் போன்ற வேலைகளுக்கு உரிமம் கொடுப்பது மாகாணங்கள். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோவில் வாங்கிவிட்டு, கால்கரியும் எட்மன்டனும் இருக்கும் ஆல்பர்ட்டாவுக்குப் போனால் அங்கே மறுபடியும் விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு. அந்த மாதிரி வேலையில் இருந்தால் மாகாணத்தை முதலில் முடிவு செய்யுங்கள், ஊரை அப்புறம் பார்க்கலாம்.

சரி, குளிருக்கு வருவோம். எல்லாரும் முதலில் தேடுவது ஜனவரி மாதச் சராசரி. வான்கூவரில் ஏறக்குறைய பிளஸ் 4, டொராண்டோவில் மைனஸ் 4, கால்கரியில் மைனஸ் 7, எட்மன்டனில் மைனஸ் 10, வின்னிபெக்கில் மைனஸ் 16. இதைப் பார்த்தால் வான்கூவர்தான் விடை போலத் தெரியும். ஆனால் அங்கே வருடத்துக்கு 1,200 மில்லிமீட்டர் அளவுக்கு மழை. சென்னையில் அதைவிடவே அதிகம், சுமார் 1,400, ஆனால் சென்னை மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். வான்கூவரில் அக்டோபரில் ஆரம்பித்து மார்ச் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூறிக்கொண்டே இருக்கும், வானம் ஈயப் பாத்திரம் மாதிரி இருக்கும், வாரக்கணக்கில் சூரியன் சரியாகத் தலைகாட்டாது. கால்கரியோ கனடாவின் பெரிய நகரங்களில் வெயில் மிக அதிகமாக அடிக்கும் ஊர்களில் ஒன்று. மைனஸ் 15-இலும் வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும். என்னைக் கேட்டால் மைனஸ் 15-இல் வெயிலடிக்கும் நாள், பிளஸ் 5-இல் நாளெல்லாம் தூறும் நாளைவிட எவ்வளவோ மேல். என் மனைவி இதை இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கே ஒத்துப்போகாத விஷயம் இது, அதனால் யூடியூபில் யாரோ சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

நம் ஊரிலிருந்து வருபவர்கள் குளிரைப் பற்றிக் கவலைப்படுகிற அளவுக்கு இருட்டைப் பற்றி யோசிப்பதே இல்லை. டிசம்பர் 21 வாக்கில் எட்மன்டனில் பகல் ஏழரை மணி நேரம்தான். டொராண்டோவில் ஒன்பதுக்குக் கொஞ்சம் குறைவு. சென்னையில் அதே நாளில் பதினொரு மணி நேரத்துக்கு மேல். இருட்டில் வேலைக்குக் கிளம்பி இருட்டிலேயே வீட்டுக்கு வருவது ஜாக்கெட்டால் சரியாகிற விஷயம் இல்லை. ஏற்கெனவே மனச்சோர்வு உள்ளவர்கள், வீட்டில் தனியாக இருக்கப்போகும் அப்பா அம்மா, கைக்குழந்தையோடு இருப்பவர்கள் இதைத் தனியாக யோசிக்க வேண்டும். வைட்டமின் டி பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள், நம் தோல் நிறத்துக்கு அங்கே கிடைக்கும் வெயில் குளிர்காலத்தில் போதவே போதாது.

அடுத்தது காற்று. வெப்பமானி மைனஸ் 20 காட்டும்போதே காற்றோடு சேர்ந்து உடம்புக்கு மைனஸ் 30 போலத் தெரியும். அந்த அளவில் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உறைந்துபோகலாம். காரில் போகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை, பஸ்ஸுக்கு நிற்பவருக்குப் பெரிய விஷயம். ஆகவே வின்னிபெக், எட்மன்டன் மாதிரி ஊர்களில் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம் என்பதும் வீட்டு விலையில் ஒரு பகுதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். கால்கரியில் இன்னொரு கூத்து உண்டு, சினூக் என்ற மேற்குக் காற்று மலையிலிருந்து இறங்கினால் சில மணி நேரத்தில் 20 டிகிரி ஏறிவிடும், காலையில் மைனஸ் 15, சாயங்காலம் பனி உருகி ஓடும். பலருக்கு இது கொண்டாட்டம், ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குத் தண்டனை. ஊர் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே இருப்பதால் காற்றும் வறண்டது, முதல் குளிர்காலத்தில் மூக்கில் ரத்தம் வந்தால் பயப்படாதீர்கள், காற்றை ஈரமாக்கும் ஒரு ஹியூமிடிஃபையர் வாங்குங்கள்.

கோடையையும் விட்டுவிடாதீர்கள். 2021 ஜூன் 29 அன்று, வான்கூவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி பதிவானது, மறுநாளே அந்த ஊர் தீயில் அழிந்தது. அந்த வெப்ப அலையில் அந்த மாகாணத்தில் மட்டும் 619 பேர் இறந்ததாகக் கணக்கு, பெரும்பாலானோர் இறந்தது ஏ.சி. இல்லாத தங்கள் வீட்டுக்குள்ளேயே. மிதமான ஊர் என்று சொல்லி வான்கூவரின் பழைய குடியிருப்புகளில் பெரும்பாலும் ஏ.சி. வைத்திருக்க மாட்டார்கள். ஆல்பர்ட்டாவில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காட்டுத்தீப் புகை வரும் வருடங்கள் உண்டு. ஆஸ்துமா உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் ஜனவரிக் குளிரைவிட ஆகஸ்ட் புகைதான் உங்கள் கேள்வி.

இப்போது வீடு. சமீப வருடங்களின் சராசரியை வைத்து மேலோட்டமாகச் சொன்னால் டொராண்டோ, வான்கூவர் பக்கம் 10 லட்சம் டாலருக்கு மேல், கால்கரியில் 6 லட்சத்தை ஒட்டி, எட்மன்டனிலும் வின்னிபெக்கிலும் 4 லட்சம் சுமாருக்கு. இது எல்லா வகை வீடுகளும் சேர்ந்த கணக்கு, காண்டோ (அடுக்குமாடி வீடு) குறையும், தனி வீடு கூடும். இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆசைப்படாமல், எல்லாவற்றையும் மாதச் செலவாக மாற்றுங்கள். 25 வருடத் தவணையில் 4.5 சதவீத வட்டி என்றால் ஒவ்வொரு லட்சம் டாலர் கடனுக்கும் மாதம் ஏறக்குறைய 550 டாலர் வரும். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். காண்டோவில் மாதப் பராமரிப்புக் கட்டணம் 550 டாலரா? அப்படியென்றால் அந்த காண்டோ சொன்ன விலையைவிட ஒரு லட்சம் கூடுதல் என்று அர்த்தம், அதிலும் கடன் ஒருநாள் தீரும், பராமரிப்புக் கட்டணம் ஏறிக்கொண்டேதான் போகும். அதே நேரம் அந்தக் கட்டணத்துக்குள் ஹீட்டிங்கும் தண்ணீரும் அடக்கமா என்று கேளுங்கள், அடக்கம் என்றால் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.

இதே அளவுகோலை காருக்கும் வையுங்கள். டொராண்டோவில் சப்வே பக்கத்தில் இருந்தால் ஒரு காரோடு, சிலர் கார் இல்லாமலே சமாளிக்கிறார்கள். கால்கரி புறநகரில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போனால் பெரும்பாலும் இரண்டு கார் வேண்டும். இரண்டாவது காருக்குக் கடன், இன்சூரன்ஸ், பெட்ரோல், குளிர்கால டயர் எல்லாம் சேர்த்து மாதம் 800 டாலர் என்று வைத்தால் அது ஒன்றரை லட்சம் டாலர் வீட்டுக்கடனுக்குச் சமம். கால்கரி வீடு அதன் பிறகும் மலிவுதான், ஆனால் விளம்பரத்தில் தெரிகிற அளவுக்கு இல்லை.

வாங்கும் நாளில் கட்ட வேண்டிய வரியில்தான் மாகாணத்துக்கு மாகாணம் வித்தியாசம் தெரியும். ஒன்டாரியோவில் 10 லட்சம் டாலர் வீட்டுக்கு நிலமாற்று வரி 16,475 டாலர். வீடு டொராண்டோ நகர எல்லைக்குள் இருந்தால் நகராட்சி தன் பங்குக்கு இன்னொரு 16,475 வாங்கும், மொத்தம் 32,950. முதல் வீடு என்றால் மாகாணத்திடம் 4,000, நகரத்திடம் 4,475 வரை தள்ளுபடி உண்டு. ஸ்டீல்ஸ் அவென்யூவுக்குத் தெற்கே ஸ்கார்பரோ, அதாவது டொராண்டோ. சாலையைத் தாண்டி வடக்கே போனால் மார்க்கம், அங்கே இரண்டாவது வரி இல்லை. ஏஜாக்ஸ், பிக்கரிங், பிராம்ப்டனும் அப்படித்தான், நம்மவர்கள் அந்தப் பக்கங்களுக்கு நகர்ந்ததில் இதுவும் ஒரு காரணம். ஆனால் பிராம்ப்டனுக்குப் போவதற்கு முன் கார் இன்சூரன்ஸுக்கு அந்த அஞ்சல் குறியீட்டைப் போட்டு ஒரு விலை கேட்டுப் பாருங்கள், மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி அங்கே போகும். ஆல்பர்ட்டாவில் நிலமாற்று வரியே கிடையாது, பதிவுக் கட்டணம்தான். மாகாண விற்பனை வரியும் இல்லை, கடையில் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. மட்டும். ஒன்டாரியோவில் 13.

முன்பணம் எவ்வளவு வேண்டும்? 5 லட்சம் வரைக்கும் 5 சதவீதம், அதற்கு மேல் 15 லட்சம் வரைக்குமான பகுதிக்கு 10 சதவீதம். 6 லட்சம் டாலர் வீட்டுக்குக் குறைந்தது 35,000. 20 சதவீதத்துக்குக் குறைவாகக் கட்டினால் கடன் இன்சூரன்ஸும் கடனோடு சேரும். வட்டி 25 வருடத்துக்கும் ஒன்றாக இருக்காது, வழக்கமாக ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், 2020-இல் 2 சதவீதத்துக்கும் குறைவாக வாங்கியவர்கள் 2025-இல் புதுப்பிக்கும்போது 4 சதவீதம் என்றதும் திகைத்துப்போனார்கள். வங்கியே உங்கள் வட்டிக்கு மேல் 2 சதவீதம் கூட்டித்தான் உங்கள் தகுதியைச் சோதிக்கும். நீங்களும் அதே கணக்கை வீட்டில் போட்டுப் பாருங்கள்.

பி.ஆர். இன்னும் வரவில்லை, வேலை அனுமதியில் இருக்கிறேன் என்பவர்கள் அவசரப்பட வேண்டாம். 2023 ஜனவரியிலிருந்து வெளிநாட்டவர் நகர்ப்புறங்களில் வீடு வாங்கத் தடை இருக்கிறது, அதை 2027 ஜனவரி 1 வரை நீட்டித்திருக்கிறார்கள். வேலை அனுமதி உள்ளவர்களுக்கு நிபந்தனைகளோடு விலக்கு உண்டு, ஆனாலும் ஒன்டாரியோவில் 25 சதவீதத் தனி வரி மேலே நிற்கும். பி.ஆர். வரும்வரை வாடகையே மேல்.

வானிலையும் விலையும் நேருக்கு நேர் மோதுகிற இடம் வீட்டு இன்சூரன்ஸ். கால்கரியின் வடகிழக்குப் பகுதியில் வீடு மலிவு, இந்தியர்கள் நிறைய, கடைகள் பக்கத்தில். 2020 ஜூனில் அங்கே ஆலங்கட்டி மழை பெய்து வீடுகளின் பக்கச் சுவரெல்லாம் சல்லடையானது, 2024 ஆகஸ்டில் மறுபடியும். அதனால் பாலிசியில் ஆலங்கட்டிக்கு நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். டொராண்டோவில் பிரச்சினை பேஸ்மென்ட். 2013 ஜூலையிலும் 2024 ஜூலையிலும் ஒரே நாள் மழையில் ஏராளமான பேஸ்மென்ட்டுகளில் தண்ணீர் புகுந்தது. சாக்கடை எதிர்த்து வருவதற்கான காப்பீடு சாதாரண பாலிசியில் தானாக வராது, கேட்டு வாங்க வேண்டும். பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட்டுக் கடன் கட்டலாம் என்பது உங்கள் திட்டமென்றால் இதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. வான்கூவரில் நிலநடுக்கக் காப்பீடு, அது தனிச் செலவு. வின்னிபெக்கின் களிமண் நிலம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும், அஸ்திவார விரிசல் சகஜம், வீட்டைச் சோதிக்கும் ஆய்வாளர் இல்லாமல் அங்கே வீடு வாங்கவே வாங்காதீர்கள்.

மான்ட்ரியல், ஹாலிஃபேக்ஸ் பற்றியும் கேட்பார்கள். மான்ட்ரியலில் மின்சாரம் மலிவு, வீடும் டொராண்டோவைவிட மலிவு, ஆனால் குழந்தைகள் பொதுவாகப் பிரெஞ்சுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும், உங்களுக்கும் பிரெஞ்சு வேண்டும். அதற்குத் தயார் என்றால் நல்ல ஊர். ஹாலிஃபேக்ஸ் முன்பு மலிவாக இருந்தது, கோவிடுக்குப் பிறகு ஏறிவிட்டது, வேலைச் சந்தையும் சின்னது.

முதல் வருடம் வாடகைதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு பிப்ரவரியை அந்த ஊரில் முழுசாகக் கழிக்காமல் வீட்டுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். டிசம்பரில் பனி புதுசு, விளக்கு அலங்காரம் எல்லாம் இருக்கும், பிப்ரவரியில்தான் ஊரின் நிஜ முகம் தெரியும். வாடகையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது: ஒன்டாரியோவில் 2018 நவம்பர் 15-க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய கட்டடங்களுக்கு வாடகை உச்சவரம்பு கிடையாது. பழைய கட்டடமென்றால் ஒரு வரம்புக்கு மேல் ஏற்ற முடியாது (2025-இல் அது 2.5 சதவீதமாக இருந்தது), புதிய காண்டோவில் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். ஆல்பர்ட்டாவில் உச்சவரம்பே இல்லை, வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது மட்டும்தான்.

வீடு பார்க்கப் போகும்போது சமையலறை கிரானைட்டைப் பார்த்து மயங்காமல் நேரே பேஸ்மென்ட்டுக்கு இறங்குங்கள். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்கு எத்தனை வயது, பதினைந்தைத் தாண்டியிருந்தால் மாற்றும் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். வெந்நீர்த் தொட்டி சொந்தமா வாடகையா என்று கேளுங்கள், ஒன்டாரியோவில் பெரும்பாலும் வாடகை. கடந்த பன்னிரண்டு மாத கேஸ் பில்லும் ஹைட்ரோ (மின்சார) பில்லும் கேளுங்கள், தயங்கினால் அதுவே ஒரு பதில். கார் நிறுத்தும் பாதை எந்தத் திசை பார்க்கிறது என்று பாருங்கள், நம் ஊரில் வாஸ்துவுக்குப் பார்ப்போம், இங்கே பனிக்கு. தெற்கு பார்த்தால் வெயிலே பாதிப் பனியை உருக்கிவிடும், வடக்கு பார்த்தால் மார்ச் வரைக்கும் நீங்களும் மண்வெட்டியும்தான். கால்கரியில் பனி நின்ற 24 மணி நேரத்துக்குள் வீட்டு நடைபாதையைச் சுத்தம் செய்வது உங்கள் பொறுப்பு, மூலை வீடு என்றால் வேலை இரண்டு மடங்கு.

குளிர்காலத்தில் வாங்கினால் போட்டி குறைவு, பேரம் படியும், ஜன்னல் ஓரத்தில் கையை வைத்தாலே காற்று புகுகிறதா என்று தெரிந்துவிடும். ஆனால் கூரை பனிக்கு அடியில் இருக்கும், ஏ.சி.யைப் போட்டுப் பார்க்கவும் முடியாது. அந்த இரண்டுக்கும் வயது, ரசீது, உத்தரவாதம் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கி ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லி உங்கள் வக்கீலிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.