போக்சோ வழக்கில் சாட்சியம்: ஜூனியர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு ஜூனியர் வக்கீல் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) வழக்குக் கட்டுடன் வந்தார். பாதிக்கப்பட்ட பெண்ணுக்குப் பதினாறரை வயது. வயதுக்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன். "டி.சி. இருக்கு சார்" என்றார், பள்ளி மாற்றுச் சான்றிதழைத்தான் சொன்னார். பத்து வருடத்துக்கு முன்னால் நானும் இதையே சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். வாய்தாவைத் தவறவிடுவது, நகல் வாங்க மறப்பது போன்றவற்றையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

வயதை நிரூபிக்காமல் விடுவது

2012 போக்சோ சட்டம் பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கானது. எட்டு வயதுக் குழந்தை என்றால் வயதைப் பற்றி யாரும் பெரிதாகச் சண்டை போட மாட்டார்கள். பதினாறு, பதினேழு என்றால் எதிர்த்தரப்பு முதலில் கை வைப்பதே அங்கேதான், ஏனென்றால் வயது சந்தேகம் ஆகிவிட்டால் அடுத்து 'சம்மதத்தோடுதான் நடந்தது' என்ற வாதம் வந்துவிடும்.

எதை வைத்து நிரூபிப்பது என்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவுப்படி முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியின் பிறப்புச் சான்றிதழ். இரண்டுமே இல்லாதபோதுதான் எலும்பு முதிர்ச்சிப் பரிசோதனை, அதிலும் இரண்டு வருடம் முன்னே பின்னே இருக்கலாம் என்பதால் சந்தேகத்தின் பலன் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போய்விடும். குற்றம் சாட்டப்பட்ட சிறாருக்கு வயது கணக்கிடும் முறையே பாதிக்கப்பட்ட குழந்தைக்கும் பொருந்தும் என்று 2013-இல் ஜர்னைல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், பள்ளி மாற்றுச் சான்றிதழும் சேர்க்கைப் பதிவேட்டின் நகலும் இந்தப் பிரிவு கேட்கும் ஆவணங்கள் அல்ல என்று சொல்லி, போக்சோ தண்டனையை ரத்து செய்தது.

பத்து வருடத்துக்கு முன்னால், பாதிக்கப்பட்ட குடும்பத்தின் பக்கம் நான் இருந்த வழக்கிலும் டி.சி. மட்டும்தான் இருந்தது. தலைமையாசிரியரிடம் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு கேட்டது இரண்டே கேள்வி: "இந்தத் தேதியை யார் சொல்லி எழுதினீர்கள்? எந்த ஆவணத்தைப் பார்த்தீர்கள்?" அவருக்குப் பதில் தெரியவில்லை, பதிவு செய்தது அவருக்கு முன்னால் இருந்தவர். பள்ளியில் சேர்க்கும்போது ஜூன் மாதத்துக்கு ஐந்து வயது ஆகும்படி ஒரு தேதியைப் போட்டுவிடுவது நம் ஊரில் பலர் செய்ததுதான், நீதிபதிகளுக்கும் அது தெரியும். எதிரி விடுதலை. தீர்ப்பு வந்த அன்று மாலை, நீதிமன்ற வராந்தாவில் பாதிக்கப்பட்ட பெண்ணின் அம்மா ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் கவரிலிருந்து மடிப்புகளில் கிழிந்துபோன ஒரு தாளை எடுத்து, "இது உதவுமா தம்பி?" என்று நீட்டினார். நகராட்சியின் பிறப்புச் சான்றிதழ். இரண்டு வருடமாக அது அவர் பையிலேயே இருந்திருக்கிறது, போலீஸும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மேல்முறையீட்டில் கூடுதல் சாட்சியமாகக் கொண்டுவர மனு போடலாம் என்றாலும் அந்தக் குடும்பத்துக்கு அதற்குமேல் தெம்பில்லை. இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

அதனால் குடும்பத்தை முதல்முறை பார்க்கும்போதே பிறப்புச் சான்றிதழ் கேளுங்கள். தொலைந்திருந்தால் பிறப்பைப் பதிந்த அலுவலகத்தில் நகல் வாங்குங்கள். குற்றப்பத்திரிகையில் இல்லையென்றால், அந்தப் பதிவேட்டோடு உரியவரைச் சாட்சியாக அழைக்க மனு போடும்படி அரசு வழக்கறிஞரிடம் வலியுறுத்துங்கள், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 311-ஆம் பிரிவு, இப்போதைய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 348. தீர்ப்புக்கு முன்னால் எந்தக் கட்டத்திலும் இதைச் செய்யலாம்.

29-ஆம் பிரிவு பார்த்துக்கொள்ளும் என்று நம்புவது

எதிரி குற்றம் செய்ததாக நீதிமன்றத்தை அனுமானிக்கச் சொல்லும் போக்சோ சட்டப் பிரிவுதான். ஆனால் அடிப்படைச் சம்பவத்தை அரசுத் தரப்பு நிரூபித்த பிறகுதான் அது வேலை செய்யும்.

காயம் இல்லை என்றதும் சோர்ந்துபோவது

தொடுதலுக்குக் காயம் இருக்காது. புகார் தாமதமாக வந்திருந்தால் இருந்த காயமும் ஆறியிருக்கும். குழந்தையின் சாட்சியம் நம்பும்படி இருந்தால் அது ஒன்றே போதும்.

164 வாக்குமூலம் இருக்கிறதே என்பது

மாஜிஸ்திரேட் முன்னால் குழந்தை கொடுக்கும் வாக்குமூலம் அது. பழைய சட்டத்தில் 164-ஆம் பிரிவு, இப்போது 183. ஆனால் அது தனித்து நிற்கும் சாட்சியம் அல்ல. குழந்தை நீதிமன்றத்தில் சொல்வதை உறுதிப்படுத்தவோ மறுக்கவோதான் அது பயன்படும்.

குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது

கூடவே கூடாது. நீதிமன்ற அறையைக் காட்டுங்கள், யார் எங்கே உட்காருவார்கள், கேள்விகள் நீதிபதி வழியாகத்தான் வரும் என்று சொல்லுங்கள். தேதியும் மணியும் ஞாபகம் இல்லையென்றால் "ஞாபகம் இல்லை" என்றே சொல்லட்டும்.

பெயர்

குழந்தையின் பெயர், பள்ளி, தெருவின் பெயர் உட்பட, குழந்தை யாரென்று காட்டும் எதுவும் வாட்ஸ்அப்பில் போகக் கூடாது.