0.0005 என்றால் எத்தனை சடோஷி? பூஜ்யங்களில் தொலையாமல் பிட்காயின் அனுப்புவது எப்படி

நண்பர் ஒருவருக்கு நான் கொஞ்சம் பிட்காயின் திருப்பித் தர வேண்டியிருந்தது. "0.0005 அனுப்பு, கணக்கு நேராகிவிடும்" என்று எழுதியிருந்தார். வாலட்டைத் திறந்து முகவரியை ஒட்டி, தொகைப் பெட்டியில் 0.0005 என்று அடித்தேன். அனுப்ப முடியாது, தொகை 'டஸ்ட்' என்று வந்தது. டஸ்ட் என்றால் தூசி. கிட்டத்தட்ட ஐயாயிரம் ரூபாய் தூசியா?

அதற்கு முந்தைய வாரம் அதே வாலட்டில் முதல் தொகை வந்தபோது இருப்பு 1.00000 என்று காட்டியது. அரை நிமிடம் நான் கோடீஸ்வரன். அப்போதே உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

கோளாறு வாலட்டில் இல்லை, என் கண்ணில்தான். எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் எம்பிடிசி என்று இருந்ததை நான் படிக்கவே இல்லை. வாலட் வைத்திருக்கிறீர்கள், ரகசியச் சொற்களைத் தாளில் எழுதி வைத்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: நான்கு பெயர்கள்

1 பிட்காயின் (பிடிசி) = 10 கோடி சடோஷி
1 மில்லிபிட்காயின் (எம்பிடிசி) = 1 லட்சம் சடோஷி
1 பிட் = 100 சடோஷி
1 சடோஷி: சங்கிலியில் (பரிமாற்றங்கள் பதிவாகும் பிளாக்செயினில்) இதற்குக் கீழே சில்லறை கிடையாது.

லட்சம், கோடி என்று எண்ணிப் பழகிய நமக்கு இது மற்றவர்களைவிடச் சுலபம். இருப்பு 1.00000 எம்பிடிசி என்றால் சரியாக ஒரு லட்சம் சடோஷி. 'பிட்' என்பதைப் பிட்காயினின் செல்லப்பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். அது பிட்காயினில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இன்னொன்று. பிட்காயின் மென்பொருளுக்கு உள்ளே தசமப் புள்ளியே இல்லை. எல்லாத் தொகையும் முழு எண்ணாக, சடோஷியாகத்தான் இருக்கிறது. புள்ளி நமக்குக் காட்டுவதற்காகத் திரையில் போடுவது. என் குழப்பம் தீர்ந்தது இது புரிந்த பிறகுதான்.

படி 2: எட்டு இடம் நிரப்பு, புள்ளியை அழி

நான் தடுக்கி விழுந்த இடம் இது. கொஞ்சம் மெதுவாகப் போவோம்.

யாராவது பிட்காயின் கணக்கில் தொகை சொன்னால், புள்ளிக்குப் பின்னால் எட்டு இலக்கம் வரும்வரை பூஜ்யம் சேருங்கள். 0.0005 என்பது 0.00050000 ஆகும். புள்ளியையும் முன்னால் இருக்கும் பூஜ்யங்களையும் அழித்தால் 50000. ஐம்பதாயிரம் சடோஷி, அவ்வளவுதான். 0.00123 என்றால் 0.00123000, அதாவது 1,23,000 சடோஷி. மனக்கணக்கு வேண்டாம், தாளில் எழுதுங்கள். பூஜ்யங்களைக் கண்ணால் எண்ணினால் நான்கா ஐந்தா என்று ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விடை வரும்.

எம்பிடிசி என்றால் எட்டுக்குப் பதில் ஐந்து இடம். நான் அடித்த 0.0005 எம்பிடிசியை இப்படி நிரப்பினால் 0.00050, வெறும் 50 சடோஷி. ஐம்பதாயிரத்துக்குப் பதில் ஐம்பது! பழைய வகை முகவரிக்கு 546 சடோஷிக்கும், பிசி1க்யூ என்று தொடங்கும் சாதாரண முகவரிக்கு 294 சடோஷிக்கும் குறைவாக அனுப்பினால், இயல்பான அமைப்பில் ஓடும் கணினிகள் அதைக் கடத்தாது. செலவழிக்கும் கட்டணத்துக்கே காணாத தொகை என்பதால்தான் தூசி என்று பெயர். ஆக, அந்தத் தூசி எச்சரிக்கை என்னைத் திட்டவில்லை, காப்பாற்றியது.

தவறு எதிர்த்திசையில் நடந்திருந்தால்? பிடிசி காட்டும் பெட்டியில் எம்பிடிசி என்று நினைத்து 0.5 அடித்தால் அரை பிட்காயின். என்னிடம் இருந்ததே ஒரு லட்சம் சடோஷி, அதனால் வாலட் மறுத்திருக்கும். ஏழ்மையும் ஒரு பாதுகாப்புதான். நிறைய வைத்திருப்பவர்கள் கவனமாக இருங்கள். போன பிட்காயினை, வாங்கியவர் மனம் வைத்தால் ஒழியத் திரும்பப் பெற முடியாது.

அணாவிலிருந்து நயா பைசாவுக்கு மாறியபோதும் இதே கூத்துதானாம், அப்பத்தா சொல்லுவார். 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. ஓரணாவுக்கு 6 பைசா, நாலணாவுக்கு 25 பைசா. நான்கு முறை ஓரணாவாக மாற்றினால் 24தான். அந்த ஒரு பைசாவுக்குக் கடைக்காரரிடம் நின்றவர் பேரன் நான்.

படி 3: வாலட்டின் அலகை மாற்றுங்கள்

கணினியில் எனக்குப் பிடித்த வாலட் எலக்ட்ரம்தான். டூல்ஸ், ப்ரிஃபரன்சஸ் போய் பேஸ் யூனிட் என்பதில் 'சாட்' (சடோஷியின் சுருக்கம்) தேர்ந்தெடுங்கள். பிட்காயின் கோரில் செட்டிங்ஸ், ஆப்ஷன்ஸ், டிஸ்ப்ளே. கைபேசி வாலட் என்றால் இருப்பைக் காட்டும் எண்ணின்மேல் தட்டிப் பாருங்கள், பலவற்றில் அலகு மாறும்.

சிலர் ரூபாயில் காட்டும்படி வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். எனக்கு அது ஒத்துவராது. விலை அசையும்போதெல்லாம் எண்ணும் அசையும், நேற்று அனுப்பியது எவ்வளவு என்று தெரியாது. சடோஷி அசையாது. ரூபாய் மதிப்பு வேண்டுமென்றால் ஒரு குறுக்குவழி: பிட்காயின் விலையை லட்சத்தில் சொல்லி, பத்தால் வகுத்தால் ஒரு சடோஷி எத்தனை பைசா என்று வரும். விலை 80 லட்சம் என்றால் 8 பைசா. ஒரு கோடி என்றால் 10 பைசா, அப்போது 50,000 சடோஷி ஐயாயிரம் ரூபாய்.

படி 4: கட்டணம்

கட்டணத்தை ஒரு விபைட்டுக்கு (பரிமாற்றத்தின் அளவை அளக்கும் அலகு) இத்தனை சடோஷி என்று கேட்பார்கள். நீங்கள் அனுப்பும் தொகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பரிமாற்றம் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதுதான் கணக்கு. பிசி1க்யூ முகவரிகளில் ஓர் உள்ளீடும் இரண்டு வெளியீடும் (ஒன்று வாங்குபவருக்கு, இன்னொன்று உங்களுக்கே திரும்பும் மீதி) உள்ள சாதாரணப் பரிமாற்றம் சுமார் 141 விபைட். விகிதம் 5 என்றால் 705 சடோஷி. ஆயிரம் சடோஷி அனுப்ப 705 கட்டணம் கொடுப்பது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதை. அதற்கு லைட்னிங் இருக்கிறது, சின்னத் தொகைகளைச் சங்கிலிக்கு வெளியே அனுப்பும் வலையமைப்பு.

பழைய வழிகாட்டிகளில் விகிதத்தை ஆயிரம் விபைட்டுக்கு இத்தனை பிடிசி என்று போட்டிருப்பார்கள். அங்கே 0.00001 என்றால் இங்கே 1. அதை அப்படியே நகலெடுத்து ஒட்டாதீர்கள்.

படி 5: முதலில் சின்னத் தொகை

புதிய முகவரிக்குப் பெரிய தொகை என்றால் முதலில் ஓர் ஐயாயிரம் சடோஷி அனுப்பி, வந்ததா என்று கேட்டுவிட்டு மீதியை அனுப்புங்கள். எத்தனை சடோஷி வந்தது என்றும் கேளுங்கள். "வந்துவிட்டது" என்ற பதில் போதாது.

முடிந்தால் எதிராளியிடம் தொகையோடு சேர்த்த க்யூஆர் கேளுங்கள். அதற்குள் இருக்கும் இணைப்பில் தொகை எப்போதும் பிட்காயின் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கும், வாலட் தன் அலகுக்குத் தானே மாற்றிக்கொள்ளும். என் நண்பர் அன்று அதை அனுப்பியிருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது.

பின்சேர்க்கை 1: வரிக்கணக்குக்காக எக்செலில் போட்டால் எண் விசித்திரமாக மாறுகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். 0.00000546 என்று அடித்தால் 5.46இ-06 என்று காட்டும். எண் கெடவில்லை, காட்டும் விதம்தான் அப்படி. நான் எல்லாவற்றையும் சடோஷியில் முழு எண்ணாகப் பதிந்து, கடைசி நெடுவரிசையில் மட்டும் 10 கோடியால் வகுக்கிறேன். லாபத்துக்கு 30 சதவீத வரி, விற்கும்போது 1 சதவீத டிடிஎஸ் என்று இருக்கும் ஊரில் பூஜ்யத்தைத் தவறவிட்டால் தலைவலி.

பின்சேர்க்கை 2: லைட்னிங் பில் (பணம் கேட்டு அனுப்பும் குறியீடு) எல்என்பிசி500யு என்று தொடங்குகிறது, 500 சடோஷிதானே என்று இன்னொருவர். இல்லை! அந்த யு மைக்ரோவைக் குறிக்கிறது, அதாவது 500 பிட், 50,000 சடோஷி. யு இருக்கும் இடத்தில் எம் இருந்தால் மில்லி, என் இருந்தால் நானோ. பத்து நானோ சேர்ந்தால்தான் ஒரு சடோஷி. லைட்னிங்குக்குள் சடோஷியிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை கணக்கு ஓடும், ஆனால் சங்கிலிக்குத் திரும்பும்போது முழுச் சடோஷிதான்.

பின்சேர்க்கை 3: ஒரு வாலட்டில் கோடு போட்ட பி குறிக்குப் பக்கத்தில் 50,000 என்று பார்த்துப் பதறியவருக்கு: அது ஐம்பதாயிரம் பிட்காயின் அல்ல. புள்ளியைத் தூக்கிவிட்டு, சடோஷியையே பிட்காயின் என்று அழைக்கலாம் என்று 177-ஆம் எண் முன்மொழிவு ஒன்று இருக்கிறது. அதைப் பின்பற்றும் வாலட்டுகள் இப்படிக் காட்டும். முழு எண் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது, பெயர் மாற்றம் பிடிக்கவில்லை. அங்கே அலகை மாற்ற வழியிருந்தால் சாட் என்று வையுங்கள். இல்லாவிட்டால் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள்: புள்ளி இல்லாத பெரிய எண் என்றால் அது சடோஷி.