ஊக்கமருந்து வழக்கு: சைக்கிள் வீரரும் வீட்டாரும் செய்யக் கூடாத தவறுகள்

சிறுநீர் மாதிரியில் தடைசெய்யப்பட்ட பொருள் இருக்கிறது என்று கடிதம் வந்ததும் வீட்டில் எல்லோரும் முதலில் சொல்வது, "நம் பிள்ளை தெரிந்து எதையும் எடுக்கவில்லை" என்பதுதான். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஒரு பேச்சை நம்பி விசாரணைக்குப் போகிறவர்கள் தோற்றுத்தான் வருகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் டர்பன், மாரிட்ஸ்பர்க் பக்கம் நம் பிள்ளைகள் லைசென்ஸ் எடுத்துப் பந்தயம் ஓட்டுகிறார்கள். அவர்களுடைய பெற்றோர்களும் கிளப் பொறுப்பாளர்களும் இந்த வழக்கு எப்படி நடக்கிறது என்பதைக் கடிதம் வருவதற்கு முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடாவின் விதித்தொகுப்பில் அடிப்படை விதி இதுதான்: உடம்புக்குள் என்ன போகிறது என்பதற்கு வீரரே பொறுப்பு. மாதிரியில் பொருள் இருந்தாலே மீறல் நிரூபணமாகிவிடும். வேண்டுமென்று எடுத்தாரா, தெரியாமல் உள்ளே போனதா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும். அதை வைத்து முடிவாவது தடை எத்தனை மாதம், எத்தனை வருடம் என்பது மட்டுமே.

"கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற நினைப்பு

இது குற்றவியல் நீதிமன்றம் அல்ல. சந்தேகத்தின் பலன் இங்கே வீரருக்குக் கிடைக்காது. மீறல் நடந்தது என்று நடுவர் குழு நியாயமான மனநிறைவு அடைந்தால் போதும். குற்றவியல் வழக்கில் கேட்கப்படும் அளவு ஆதாரம் தேவையில்லை. வீரர் தன் பக்கத்து விளக்கத்தை நிரூபிக்க, அப்படி நடந்திருக்கவே கூடுதல் வாய்ப்பு என்று காட்ட வேண்டும். "இப்படியும் நடந்திருக்கலாமே" என்று சொன்னால் அது எடுபடாது.

வழக்கை யார் நடத்துகிறார்கள் என்பதில் பலர் குழம்புகிறார்கள். உள்நாட்டுப் பந்தயத்தில் தென்னாப்பிரிக்க ஊக்கமருந்தற்ற விளையாட்டு நிறுவனம், அதாவது செய்ட்ஸ், மாதிரி எடுத்திருந்தால் வழக்கும் அவர்களுடையதுதான். 1997ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த நிறுவனம் அது. கேப் டவுனிலிருந்து இயங்குகிறது. விசாரணைக் குழு வேறு, மேல்முறையீட்டு வாரியம் வேறு. உலக சைக்கிள் சங்கமான யூசிஐயின் கீழ் வரும் சர்வதேச வீரர்களின் வழக்குகள் 2015 முதல் யூசிஐயின் சொந்தத் தீர்ப்பாயத்துக்குப் போகின்றன. அதற்கு முன் அவற்றை வீரரின் தேசிய சங்கமே விசாரித்தது. பழைய வழக்குகளைப் படித்துவிட்டு நடைமுறை இன்றும் அப்படியே இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம்.

கடிதம் வந்த முதல் மூன்று வாரம்

வழக்குகள் பெரும்பாலும் கெட்டுப்போவது இந்த இடைவெளியில்தான். வீரர் வெட்கப்பட்டுக் கடிதத்தை ஒளித்து வைப்பார், அல்லது கோபத்தில் வாட்ஸ்அப் குழுவில் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். இரண்டும் கூடாது. கடிதம் எந்தத் தேதியில், எப்படிக் கைக்கு வந்தது என்பதை முதலில் எழுதி வையுங்கள். கெடுக்கள் எல்லாம் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும்.

சோதனையில் குறைந்தது 90 மில்லிலிட்டர் சிறுநீர் எடுத்து ஏ, பி என்று இரண்டு குப்பிகளில் பிரித்து மூடுவார்கள். ஏ குப்பியில் பொருள் தென்பட்டால் பி குப்பியைத் திறந்து பார்க்கக் கேட்க வீரருக்கு உரிமை உண்டு. கடிதத்தில் சொன்ன தேதிக்குள் கேட்காவிட்டால் அந்த உரிமையைக் கைவிட்டதாகவே கொள்வார்கள். குப்பியைத் திறக்கும்போது வீரரோ அவருடைய பிரதிநிதியோ கூட இருக்கலாம். ஆய்வகத்தின் முழு ஆவணத் தொகுப்பையும் எழுத்தில் கேளுங்கள். பி மாதிரி காப்பாற்றிவிடும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் அது ஏ மாதிரியையே உறுதி செய்யும்.

முறையான குற்றச்சாட்டு வந்த பிறகு 20 நாள் கெடு ஒன்று இருக்கிறது. நான்கு வருடத் தடை கேட்கப்படும் வழக்கில், அந்த 20 நாளுக்குள் மீறலை ஒப்புக்கொண்டு தண்டனையையும் ஏற்றால் ஒரு வருடம் குறையும். இரண்டையும் செய்ய வேண்டும். ஒப்புக்கொண்டுவிட்டு தண்டனையை எதிர்த்து வாதாடினால் அந்தச் சலுகை கிடைக்காது. 21ஆம் நாள் மனம் மாறினாலும் கிடைக்காது. பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்கு உருப்படியான ஆதாரம் கையில் இருந்தால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். எந்த ஆதாரமும் இல்லையென்றால் அந்த ஒரு வருடத்தை வீம்புக்காக இழக்காதீர்கள். இதில் அனுபவமுள்ள வக்கீலைப் பார்க்க வேண்டிய நேரம் இதுதான். விசாரணைக்கு முதல் வாரம் போய்ப் பார்த்துப் பயனில்லை.

தற்காலிகத் தடை விஷயத்திலும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. அனபாலிக் ஸ்டீராய்டு, ரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டும் ஈபிஓ போன்றவற்றுக்குத் தற்காலிகத் தடை தானாகவே விதிக்கப்படும். வேறு சில பொருள்களுக்கு அது கட்டாயமில்லை, வீரராகவே முன்வந்து ஏற்கலாம். ஏற்றால் அந்த நாள்கள் பின்னால் வரும் தடையிலிருந்து கழியும். "தீர்ப்பு வரும்வரை ஓட்டலாமே" என்று ஓட்டினால் அந்தப் பந்தய முடிவுகளும் பரிசுப் பணமும் போகும், தடையும் தள்ளித் தொடங்கும்.

எங்கிருந்து வந்தது?

விசாரணையின் உயிர்நாடி இந்தக் கேள்விதான். இதை நன்றாகக் காட்டும் வழக்கு நம் ஊரிலேயே நடந்தது. 2014 பிப்ரவரியில் டர்பனில் நடந்த தேசிய டைம் ட்ரயல் போட்டியில் டேரில் இம்பியிடம் எடுத்த மாதிரியில் புரோபெனெசிட் இருந்தது. அதற்கு முந்தின வருடம்தான் டூர் டி ஃபிரான்ஸில் முன்னிலை வீரருக்கான மஞ்சள் ஜெர்சி அணிந்த முதல் ஆப்பிரிக்கர் அவர். புரோபெனெசிட் மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மருந்து. வேறு பொருள்களை மறைக்க உதவும் என்பதால் அது தடைப் பட்டியலில் இருக்கிறது. பி மாதிரியும் அதையே காட்டியது.

அவர் செய்தது என்னவென்றால், அன்றாடம் தொட்ட ஒவ்வொரு பொருளையும் பின்னோக்கித் தேடியது. போட்டிக்கு முன் டர்பனில் ஒரு மருந்துக்கடையில் சோடா உப்பை அடைத்து விழுங்குவதற்காகக் காலி ஜெலட்டின் கூடுகள் வாங்கியிருந்தார். அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் அதே கடையில் இன்னொருவருக்குப் புரோபெனெசிட் எண்ணிக் கொடுத்திருந்தார்கள். மாத்திரை எண்ணும் கருவியில் ஒட்டியிருந்த தூள் கூடுகளில் பட்டிருந்தது. மருந்தாளர் சாட்சி சொன்னார், விற்பனைப் பதிவும் பொருந்தியது. 2014 ஆகஸ்டில் செய்ட்ஸ் குழு அவர்மேல் எந்தத் தவறும் இல்லை என்று தீர்ப்பளித்தது.

இதில் கவனிக்க வேண்டியது பதிவுகளும் சாட்சியும்தான். பொருள் எது, எந்தக் கடை, எந்த நேரம், எப்படிக் கலந்தது என்று கண்ணி கண்ணியாகக் காட்ட முடிந்தது. அதனால் நம் வீட்டில் செய்ய வேண்டியது: வாங்கும் ஒவ்வொரு புரதப் பொடி, சப்ளிமென்ட், மாத்திரைக்கும் ரசீதை எடுத்து வையுங்கள், டப்பாவில் உள்ள தொகுதி எண்ணைப் போட்டோ எடுங்கள், தீர்ந்த டப்பாவில் கடைசி இரண்டு கரண்டிப் பொடியை விட்டு வையுங்கள். திறந்த டப்பாவைச் சோதித்து பொருள் இருந்தது என்றால், "நீங்களே கலந்திருக்கலாமே" என்று எதிர்த்தரப்பு கேட்கும். அதே தொகுதி எண் கொண்ட திறக்காத டப்பாவை வாங்கி, வாடா அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதிக்கச் செய்ய வேண்டும்.

நாட்டுமருந்துப் பொடி, லேகியம் ஆகியவற்றுக்கும் இதே விதிதான். மூலிகை என்பதால் விலக்கு எதுவும் இல்லை. ஹிகெனமைன் என்ற பொருள் தாவரங்களிலேயே இருப்பது, தடைப் பட்டியலிலும் இருக்கிறது. லேபிளில் வேறு பெயரில் அச்சிட்டிருந்து, இணையத்தில் தேடினால் தெரிந்திருக்கும் என்றால், "கலப்படப் பொருள்" என்ற வாதமும் நிற்காது. என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதாமல் பொட்டலமாகக் கட்டித் தரும் எதையும் லைசென்ஸ் உள்ள பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். பாட்டி அன்போடு கொடுத்தாலும் இதுதான் பதில்.

எதிர்ப்பக்கம் ஸ்பெயின் வீரர் ஆல்பெர்ட்டோ கான்டடோர் வழக்கு. 2010 டூரில் அவர் மாதிரியில் கிடைத்த கிளென்புட்டரால் (மாடுகளைக் கொழுக்க வைக்கவும் சிலர் கொடுக்கும் மருந்து) மில்லிலிட்டருக்கு 50 பிகோகிராம்தான். மாட்டிறைச்சியில் இருந்து வந்தது என்றார். ஸ்பெயின் சங்கம் விடுவித்தது. யூசிஐயும் வாடாவும் லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்குப் போயின. இறைச்சி, ரத்தம் ஏற்றியது, கலப்படமான சப்ளிமென்ட் என்று மூன்று வழிகளையும் எடைபோட்ட நடுவர்கள், சப்ளிமென்ட்டுக்கே அதிக வாய்ப்பு என்றார்கள். இறைச்சிதான் காரணம் என்று அவரால் நிரூபிக்க முடியாததால் 2012 பிப்ரவரியில் இரண்டு வருடத் தடை வந்தது. 2010 டூர் பட்டமும் போனது. அளவு மிகச் சிறியது என்பதே காப்பாற்றிவிடாது.

ஒரு வழியைக் காட்ட முடியாத நிலையில் சிலர் பழைய தேதி போட்டு மருந்துச் சீட்டு வாங்குகிறார்கள். அது தனி மீறல். அதற்கான தடை முதல் தடையோடு சேர்த்து, அது முடிந்த பிறகு தொடங்கும். தெரிந்த டாக்டர் உதவுகிறார் என்று எண்ணி இதில் இறங்கவே இறங்காதீர்கள். அவரும் மாட்டுவார்.

ஆய்வகத்தின் குறையை மட்டும் பிடித்துத் தொங்குவது

2006 டூரில் டெஸ்டோஸ்டிரோன் வழக்கில் சிக்கிய அமெரிக்க வீரர் ஃபிளாய்ட் லாண்டிஸின் தரப்பு முழுக்க முழுக்க ஆய்வகத்தைத் தாக்கியது. முதற்கட்ட டெஸ்டோஸ்டிரோன் சோதனை விதிப்படி நடக்கவில்லை என்று அமெரிக்க நடுவர் குழுவே ஒத்துக்கொண்டது. ஆனாலும் அது உடம்பிலேயே உண்டானதா, வெளியிலிருந்து வந்ததா என்று காட்டும் கார்பன் ஐசோடோப்பு சோதனை சரியாக இருந்ததால் வழக்குத் தோற்றது. 2008இல் லோசானிலும் தோற்று, எதிர்த்தரப்புக்கு 1,00,000 டாலர் செலவுத் தொகை கட்டும்படி உத்தரவானது. நடைமுறைப் பிழை இருந்தது என்று சொன்னால் போதாது, அந்தப் பிழையால் இந்த முடிவு வந்திருக்கக்கூடும் என்று காட்ட வேண்டும். பிழை கண்ணில் பட்டால் சோதனை நடக்கும் இடத்திலேயே படிவத்தில் கருத்து எழுதும் கட்டத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். பிரதியை வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.

மருந்து அனுமதியும் இன்ஹேலரும்

படிவத்தில் எழுதிவிட்டால் அனுமதி கிடைத்த மாதிரி என்று எண்ணுவது பெரிய தவறு. 2016இல் சைமன் யேட்ஸுக்கு ஆஸ்துமாவுக்காக டெர்புடாலின் கொடுத்த அணி மருத்துவர், சோதனைப் படிவத்தில் அதைக் குறிப்பிட்டிருந்தார். தடைசெய்த மருந்தை நோய்க்காக எடுக்க அனுமதிக்கும் மருத்துவ விலக்குக்கு விண்ணப்பிக்க மட்டும் மறந்துவிட்டார். யேட்ஸுக்கு நான்கு மாதத் தடை. உள்நாட்டு வீரர் செய்ட்ஸிடமும் சர்வதேச வீரர் யூசிஐயிடமும் போட்டிக்குக் குறைந்தது 30 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

சால்புடமால் இன்ஹேலருக்கு விலக்கு தேவையில்லை, ஆனால் அளவு உண்டு: 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம், எந்த 8 மணி நேரத்திலும் 600க்கு மேல் போகக் கூடாது. ஒரு இழுப்பு 100 மைக்ரோகிராம் என்றால் 8 மணி நேரத்துக்கு 6 இழுப்பு. நெபுலைசரில் ஊற்றும் ஒரு சின்னக் குப்பியிலேயே 2,500 இருக்கும். இரவில் மூச்சிரைத்து மருத்துவமனைக்கு ஓடினால் தாராளமாக நெபுலைசர் போட்டுக்கொள்ளுங்கள், உயிர்தான் முக்கியம். மருத்துவமனைக் குறிப்பை வாங்கிக்கொண்டு உடனே அவசர விலக்குக்கு விண்ணப்பியுங்கள். சிறுநீரில் வரம்பு தாண்டினால் முடிவு எப்படிப் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. டியகோ உலிசிக்கு 2014இல் மில்லிலிட்டருக்கு 1,900 நானோகிராம் காட்டியதற்கு ஒன்பது மாதத் தடை. கிறிஸ் ஃபுரூமுக்கு 2017இல் 2,000 காட்டியும் வழக்கு 2018 ஜூலையில் தடையின்றி மூடப்பட்டது.

வலிமாத்திரையிலும் கவனம் வேண்டும். டிராமடால் 2024 ஜனவரி முதல் போட்டி நேரத்தில் வாடா தடைப் பட்டியலில் இருக்கிறது. யூசிஐ அதை 2019லேயே தடைசெய்திருந்தது. நைரோ கின்டானா 2022 டூரில் தான் பிடித்த 6ஆம் இடத்தை இழந்தது இதனால்தான். பல் பிடுங்கிய பிறகு எழுதிக் கொடுக்கும் மாத்திரையில் என்ன இருக்கிறது என்று கடையிலேயே கேளுங்கள்.

இருப்பிடத் தகவல்

எந்த நாளிலும் சோதிப்பதற்கென்று வைத்திருக்கும் பதிவுக் குழுவில் சேர்க்கப்பட்ட வீரர் ஒவ்வொரு நாளும் எங்கே இருப்பார், எந்த 60 நிமிடம் சோதனைக்குக் கிடைப்பார் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும். 12 மாதத்தில் மூன்று தவறினால் அதுவே மீறல். காவடிக்காகக் கோயிலில் இரவு தங்குவது, மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு ஜோஹன்னஸ்பர்க் போவது எல்லாம் இடமாற்றம்தான். கிளம்புவதற்கு முன்பே போனில் மாற்றிவிடுங்கள். முதல் தவறுக்கு வரும் கடிதத்தை "ஒன்றுதானே" என்று விட்டுவிடாதீர்கள். பிரிட்டன் வீராங்கனை லிசி ஆர்மிட்ஸ்டெட் 2016இல் தப்பியது, சோதனை அதிகாரி ஹோட்டலில் அவரைத் தேடப் போதிய முயற்சி எடுக்கவில்லை என்று முதல் தவறை லோசானில் உடைத்ததால்தான். அந்த வாதத்தை ஒவ்வொரு கடிதத்துக்கும் அந்தந்த நேரத்திலேயே எழுத்தில் வைக்க வேண்டும்.

மேல்முறையீடு

கீழே ஜெயித்துவிட்டோம் என்று கொண்டாடிவிடாதீர்கள். யூசிஐக்கும் வாடாவுக்கும் தனித்தனி மேல்முறையீட்டு உரிமை இருக்கிறது. வாடாவின் கெடு மற்றவர்களுடைய கெடு முடிந்த பிறகும் 21 நாள் ஓடும், முழுக் கோப்பு கைக்கு வரத் தாமதமானால் இன்னும் நீளும். கான்டடோர் மாட்டியது இப்படித்தான்.

உள்நாட்டு வீரர் முதலில் தென்னாப்பிரிக்க மேல்முறையீட்டு வாரியத்துக்கும், சர்வதேச வீரர் நேரே லோசானுக்கும் போக வேண்டும். லோசான் விதிப்படி, வேறு கெடு சொல்லப்படாவிட்டால் தீர்ப்பு கிடைத்து 21 நாளுக்குள் மேல்முறையீட்டு மனு போக வேண்டும். உங்கள் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் என்ன கெடு எழுதியிருக்கிறது என்று பார்த்து அதையே பின்பற்றுங்கள். கட்டணம் 1,000 சுவிஸ் ஃபிராங்க். அதோடு வேலை முடியவில்லை. அந்தக் கெடு முடிந்து 10 நாளுக்குள் முழு வாதமும் ஆதாரங்களும் சாட்சிப் பட்டியலும் போக வேண்டும். போகாவிட்டால் மனுவை வாபஸ் பெற்றதாகக் கொள்வார்கள். பிறகு புதிய ஆதாரம் கொண்டுவருவது மிகவும் கடினம். பணமில்லாத வீரருக்கு நீதிமன்றத்தில் சட்ட உதவி நிதி இருக்கிறது, கூச்சப்படாமல் கேளுங்கள்.

லோசான் குழு வழக்கைத் தொடக்கத்திலிருந்து புதிதாகக் கேட்கும். எதிர்த்தரப்பும் பதில் முறையீடு செய்தால் தடை கூடவும் செய்யும். முறையீடு நிலுவையில் இருப்பதால் தடை நின்றுவிடாது, நிறுத்திவைக்கத் தனியாகக் கேட்க வேண்டும். அதற்கும் மேலே சுவிஸ் கூட்டாட்சி நீதிமன்றம் இருக்கிறது, கெடு 30 நாள். அது வழக்கின் உண்மைகளை மறுபடி அலசாது, நடைமுறைக் குளறுபடி போன்ற சில காரணங்களை மட்டுமே பார்க்கும்.

தடைக் காலத்தில் கிளப் பயிற்சி, பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பது, சங்கத்தின் அனுமதி பெற்ற தர்மப் பந்தயம் எதுவுமே கூடாது. மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரும் அமாஷோவா சைக்கிள் பந்தயத்தில் நண்பர்களோடு சும்மா ஓட்டினாலும் சிக்கல். மீறினால் முதலில் விதித்த அளவுக்கே இன்னொரு தடை சேரும். அணியோடு பயிற்சிக்குத் திரும்ப அனுமதி கடைசி இரண்டு மாதம் அல்லது தடைக் காலத்தின் கடைசிக் கால்பங்கு, இதில் எது குறைவோ அதில்தான். அந்தத் தேதியை நீங்களாகக் கணக்குப் போடாமல் செய்ட்ஸிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.